செத்துப் பிழைத்தவர் குடிக்கும் டீ

காலை ஆறு மணிக்கு அந்த டம்ளர் வந்துவிடும். பூவராகவனுக்கு ஐந்தரை மணிக்கே வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிடும். சமையல்கட்டில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும், அதில் இலையைப் போட்டு மூடி வைக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் அந்த வாடை வரும். துளசிதான், வேறொன்றுமில்லை. ஊரே கும்பிடுகிற செடி. அவரும் அறுபத்தேழு வருஷம் கும்பிட்டவர்தான். பெருமாள் கோயிலில் உள்ளங்கையில் விழுந்த இலையை ஒன்று விடாமல் மென்று தின்றவர்தான். இப்போது அது மூக்கில் ஏறினால் பிணவாடை அடித்தது. வேறு யாருடைய பிணமும் அல்ல, அவருடையதே.

டம்ளரைக் கொண்டுவருவது மகன் வெங்கடரமணன். செஞ்சி கடைத்தெருவில் அப்பன் வைத்த மளிகைக்கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டும், ஆயிரம் வேலை இருக்கும், ஆனாலும் மனைவி ஜெயத்திடம் கொடுத்தனுப்ப மாட்டான். தானே எடுத்துவந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பன் குடித்து முடிக்கிறவரை நகராமல் இருப்பான்.

"குடி நைனா. ஆறிடப் போவுது."

"சுடுது."

"ஊதிக் குடி. காபி மாதிரி இல்ல இது. காபியில என்னமோ காபீன்னு ஒரு சரக்கு இருக்குதாம், அதான் உன் நெஞ்ச படபடன்னு அடிக்க வெக்குது. இதுல அது ஒரு துளி கெடயாது."

இந்தக் காபீன் கதையைத் திண்டிவனத்தில் நடந்த ஏதோ இயற்கை வைத்தியக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தான். வந்த நாளிலிருந்து வீட்டில் காபிக்கொட்டை கிடையாது. டாக்டரும் பூவராகவனுக்குக் காபி கூடாது என்று சொல்லிவிட, அவனுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. காய்ந்த துளசி, கொஞ்சம் சுக்கு, ஒரு ஏலக்காய், வெல்லம். பார்வைக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு இலை வடிகட்டியிலிருந்து தப்பித்து வந்து, அவருடைய பல் இல்லாத ஈறில் ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு எடுக்கும்போது குடல் வாய்வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவர் குடிக்கிற நேரத்தில் வெங்கடரமணன் ஊர்க் கதையெல்லாம் சொல்லுவான். தொண்டூரில் மழை பெய்ததா, மேல்சித்தாமூர் நைனார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை சாமான் போனது, மல்லாட்டைச் செடியில் இந்த வருஷம் கடலை எப்படிப் பிடித்திருக்கிறது. பூவராகவன் ஒரு வார்த்தை பேச மாட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குவார். அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு போனதும் புழக்கடைக்குப் போய், உப்பை வைத்து நாக்கைத் தேய்த்து, மூன்று தடவை கொப்பளித்துத் துப்புவார். காபி கிடைக்காத ஏக்கத்தில் கிழவர் முறுக்கிக்கொள்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். காபி ஏக்கம் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் விஷயம் அதுவல்ல.

விஷயம் போன கார்த்திகையில் நடந்தது. விஷஜுரம். ஒன்பது நாள் கொதித்துக் கிடந்தார். உள்ளூர் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெருமாள் விட்ட வழி என்று சொல்லிப் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி, தலையைத் தெற்கே வைத்துப் படுக்கப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் நீலாவதிக்கு முன்பே ஆள் போய், அவள் மூன்று நாளாகக் கூடவே இருந்தாள். அவர் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. காது மட்டும், பாழாய்ப் போன காது, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னவெல்லாம் கேட்டது! "நாளைக்குச் சந்தை. இன்னைக்கே ஆயிட்டா தேவல" என்று ஒரு ஆம்பிளைக் குரல். "பெரியவருக்குன்னு டப்பாவுல காபிக்கொட்ட வெச்சிருக்குது. இனிமே யாருக்கு? வறுத்துடுங்க, வந்தவங்களுக்காவது ஆவும்" என்று ஒரு பொம்பளைக் குரல். வறுத்தார்கள். அவருடைய கொட்டையை, அவருடைய தலைமாட்டுக்குப் பத்தடி தள்ளி, வறுத்து அரைத்து இறக்கி, இருபது பேர் சர்ர்ரென்று உறிஞ்சிக் குடித்தார்கள். அந்த மணம் அவரைச் சுற்றி வந்தது. சரி, சாவு வீடு என்றால் நாலும் இருக்கும், அதையெல்லாம் அவர் மன்னித்துவிட்டார்.

மன்னிக்க முடியாதது அடுத்து வந்தது. யாரோ அவருடைய தாடையை அழுத்தி வாயைத் திறந்தார்கள். சில்லென்று துளசித் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஒரு இலை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. துப்பப் பார்த்தார், முடியவில்லை. அப்போது காதோடு ஒரு வாய் வந்து, குரலே இல்லாத ரகசியமாகச் சொன்னது: "போயிடு நைனா. எங்கள உட்டுட்டுப் போயிடு."

நைனா என்று அவரைக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அதில் யார் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சாகப் போகிறவன் வாயில் முதல் தண்ணீர் ஊற்றுவது மூத்த மகன். அவருடைய அப்பனுக்கு அவர் ஊற்றினார், தாத்தாவுக்கு அப்பன் ஊற்றினார். மகன் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் கையே வரும். ஆக, அந்தக் கை வெங்கடரமணன் கை. அந்த வாய் அவன் வாய்.

பெருமாளுக்கு அவசரமில்லையோ என்னவோ, விடியற்காலையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஜுரம் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டார். வீடே அழுதது. வெங்கடரமணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதான். பார்த்துக்கொண்டிருந்த பூவராகவனுக்கு, அட நடிகனே, என்றுதான் தோன்றியது.

அதற்கப்புறம் யாராவது அந்த நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தால், "அந்தப் பேச்ச உடு" என்று அடித்து நிறுத்திவிடுவார். தானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மகன் சொன்ன அந்த வார்த்தையை மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டார். அது அங்கேயே கிடந்து புளித்தது.

வெங்கடரமணனோ வேறொரு கணக்குப் போட்டான். ராத்திரி முழுக்க நைனா உள்ளுக்குப் போனது துளசித் தண்ணீர் ஒன்றுதான், மருந்துகூட இல்லை. காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் பிழைக்க வைத்தது எது? இந்தச் செஞ்சியில் வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. வழியனுப்ப ஊற்றின தண்ணீரை அவன் உயிர் கொடுத்த தண்ணீர் என்று பிடித்துக்கொண்டான். காலையும் மாலையும் டம்ளர் வந்தது. பிறகு கடையில் மஞ்சள் காகிதப் பொட்டலம் வந்தது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க நைனாவ தரையில எறக்கிப் போட்டாச்சி. எதுல பொழச்சாரு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். சில பேர் வீட்டுக்கே வந்து கதவோரம் நின்று, ஏதோ கண்காட்சிச் சாமான் மாதிரி அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரே ஆறுதல் நீலாவதி. மாதத்துக்கு ஒரு தடவை அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். இடுப்பில் முடிந்துவைத்திருந்த காபிப்பொடியை எடுத்து, அண்ணன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அண்ணியிடம் கெஞ்சிப் பால் வாங்கி, திக்காக ஒரு டம்ளர் போட்டு, முந்தானையில் மறைத்து எடுத்து வருவாள். "சீக்கிரம் குடி நைனா. அண்ணன் வந்துடப் போவுது." அந்த ஒரு டம்ளரில் அவருக்கு உயிர் திரும்பி வரும். தான் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜீவன் இந்தப் பெண் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார். அவள் மட்டும் எதனாலோ அவர் குடிக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள்.

சித்திரையில் ஒரு சந்தை நாள். வெங்கடரமணன் கடை முன்னால் மூங்கில் நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டான். அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் துளசி டீ கொதித்தது. இரண்டு பெஞ்சு, நாலு டஜன் டம்ளர். முதல் நாள் எல்லோருக்கும் இலவசம். பந்தல் முகப்பில் ஒரு பலகை தொங்கியது. பெயிண்டரிடம் சொல்லிப் பச்சையில் எழுதி வாங்கியிருந்தான்: 'காபியின் கெடுதல் இல்லாத துளசி டீ. செத்துப் பிழைத்த பெரியவர் தினமும் குடிப்பது.'

ஜெயம் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோதுதான் பூவராகவன் அதைப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வாயில் ஊற்றி, போ என்று சொன்னவன், போகாததை வைத்துப் பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

பந்தலில் நல்ல கூட்டம். மாடு வாங்க வந்தவன், விற்க வந்தவன், மேல்சித்தாமூர்க்காரர்கள் நாலு பேர், தொண்டூர்ப் பெண்கள் கூடையோடு ஒரு வரிசை. எதிர்க்கடை ராஜாங்கம், பூவராகவனுக்கு நாற்பது வருஷச் சிநேகிதர், துண்டை விசிறிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீலாவதியும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அவள்தான் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லோர் கையிலும் டம்ளர் ஏறியது. ஒருவரும் குடிக்கவில்லை, பெரியவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

வெங்கடரமணன் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இரண்டு கையாலும் டம்ளரை ஏந்திக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"குடி நைனா. எல்லாரும் பாக்கறாங்க."

வாங்கினார். ஆவி மூக்கில் அடித்தது. வாயில் ஊற்றிக்கொண்டார். ஒரு இலை வந்து நாக்கின் அடியில் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஆறு மாதமாக விழுங்கி வைத்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. வாயிலிருந்ததை அப்படியே அந்த வெள்ளைச் சட்டையின் மேல் துப்பினார்.

"சீ! தூ! டீயாம் டீ! யோவ், எல்லாரும் கேளுங்கய்யா. இது பொணத்து வாயில ஊத்தற தண்ணி. என் வாயில ஊத்தனது இதான். இதோ நிக்கிறானே என் புள்ள, இவந்தான் ஊத்தனான். ஊத்திட்டு, காதுல இன்னா சொன்னான் தெரியுமா? போயிடு நைனா, எங்கள உட்டுட்டுப் போயிடுன்னு சொன்னான். கேட்டுக்கிட்டுத்தான்டா கெடந்தேன். ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சிடா!"

சந்தை இரைச்சல் தூரத்தில் கேட்டது. மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். தொண்டூர்ப் பெண் ஒருத்தி, குடிக்கப் போன மாமியார் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். ஊற்றுகிற நாளில் ஊற்றினால் போதும் என்று முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிஷத்தில் பெஞ்சு காலி. நிறைந்த டம்ளர்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

வெங்கடரமணன் சட்டையைத் துடைக்கக்கூட இல்லை.

"நானா நைனா?" என்றான் கடைசியில். "நான் அப்ப அங்க இல்லியே."

"பொய் சொல்லாதடா. மொத தண்ணி மூத்த புள்ளதான் ஊத்தணும். தெரியாதவன் கிட்ட சொல்லு."

ராஜாங்கம் எழுந்து வந்து பூவராகவனின் தோளைப் பிடித்தார். "யோவ், இன்னாய்யா பேசற நீ? உள்ளூரு டாக்டர் கைய விரிச்சதும், இவன் யார் சொல்லியும் கேக்கல. கடைசி பஸ்ஸு போயிடுச்சி. மல்லாட்ட மூட்ட ஏத்தன லாரியில, மூட்ட மேல தொத்திக்கிட்டு திண்டிவனம் போனான். விடிய விடிய அலஞ்சி, ஒரு பெரிய டாக்டரக் கையக் காலப் புடிச்சிக் கார்ல போட்டுக்கிட்டு வந்தான். வந்து எறங்கறான், நீ கஞ்சி குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கற. அத பாத்துட்டுத்தான்யா அந்த அழுகை அழுதான். புள்ள வர்ற வரைக்கும் தாங்குமா தாங்காதான்னு, மொத தண்ணிய..."

சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டார். அண்டா பக்கம் பார்த்தார்.

நீலாவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. முதல் தடவையாக அப்பன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நாந்தான் நைனா ஊத்தனேன். நாந்தான் சொன்னேன். மூணு நாளா நீ பட்ட பாட்டக் கிட்ட இருந்து பாத்தவ நானு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. அண்ணனுக்கு நீ போவக் கூடாது. எனக்கு நீ இதுக்கு மேல படக் கூடாது. போயிடுன்னு சொல்லிட்டேன். நீ எழுந்து ஒக்காந்தப்பறம் எந்த வாயால சொல்றது? அதான் காபி போட்டுப் போட்டுக் குடுத்தேன்."

மகள் மேல் கோபம் வரும் என்று பூவராகவன் காத்திருந்தார். வரவில்லை. அந்தக் கார்த்திகை ராத்திரியில் அவரே கூட அதைத்தான் கேட்டிருப்பார், வாய் இருந்திருந்தால். அருவருப்பு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. போய் உட்கார ஒரு இடம் தேடி, கடைசியில் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. லாரியில் மூட்டை மேல் தொத்திக்கொண்டு போனவன் சட்டையில் துப்பியிருக்கிறோம். ஊர் பார்க்கத் துப்பியிருக்கிறோம்.

பெஞ்சில் இருந்த டம்ளர் ஒன்றை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்தார். ஓங்கரித்தது, வாயைப் பொத்தி உள்ளேயே அழுத்திக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். வெங்கடரமணன் வந்து அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினான்.

"வாணாம் நைனா."

"குடிக்கறேண்டா. எல்லாரையும் கூப்புடு, எல்லாரும் பாக்க குடிக்கறேன்."

"உனக்கு இது இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்." டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "ஆறு மாசமா என்ன அப்பிடியா நெனச்சிக்கிட்டு இருந்த? தெனம் காலையில எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே?"

வெங்கடரமணன் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தான். பலகையைக் கழற்றிக் கடைக்குள் மூட்டைக்குப் பின்னால் சாத்திவைத்தான். அண்டாவைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தபோது கடைத்தெரு முழுக்க அந்த வாடை எழும்பியது. அன்று முழுக்க அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெயம் வந்து சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாம் என்றுவிட்டார். நீலாவதி சாயங்கால பஸ்ஸுக்குப் போகும்போது சொல்லிக்கொண்டு போனாள். தலையை ஆட்டினார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. சமையல்கட்டில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு அவன் வந்து உட்கார்ந்ததும் முதலில் தொண்டூரில் மழை உண்டா என்று கேட்க வேண்டும், அதிலிருந்து மெல்ல ஆரம்பிக்கலாம் என்று படுத்தபடியே யோசித்துவைத்தார். எழுந்து, கட்டிலின் கால்மாட்டில் கிடந்த போர்வையை மடித்து ஓரம் வைத்து, இடம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு டம்ளர் வந்தது. கொண்டுவந்தது ஜெயம்.

"அவன்?"

"கடைக்குப் போயிட்டாரு மாமா. நேத்தே கொட்ட வாங்கியாந்து வறுத்து வெக்கச் சொல்லிட்டாரு. இனிமே தெனம் உங்களுக்குக் காபியே குடுத்துடச் சொன்னாரு. டாக்டரு சொன்னத நீங்களே பாத்துக்குவீங்களாம்."

"நாளைக்கு வருவானா?"

"எங்க மாமா? காலையில நெறைய வேல இருக்குதாம்."

அவள் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பூவராகவன் ஒரு வாய் குடித்தார். பால் திரிந்திருக்கக் கூடாதா, கொட்டை தீய்ந்திருக்கக் கூடாதா என்று பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அவருக்குப் பிடித்த அதே கொட்டை, அதே வறுவல், மேலே இரண்டு விரல் நுரை. ஆறு மாதமாக எதற்கு ஏங்கினாரோ அதுவேதான். நாக்கு வெட்கமே இல்லாமல் அதைக் கொண்டாடியது.

சீ, என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்தார்.